இரவில் வந்த குரல்கள்: கண்டி மலைகளும் தூரத்து வானொலிகளும்

எமது பழைய மாணவிகள் சங்கமும் இலங்கை வானொலியும் ஏறத்தாழ ஒரே வயதினர். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் கொழும்பில் பரீட்சார்த்தமாக நடத்திவந்த ஒலிபரப்பை, 1925 டிசெம்பர் 16 ஆம் திகதி ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் முறைப்படி ஆரம்பித்துவைத்தார். நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, கண்டியின் வைத்தியசாலைகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியராகி இருபது வருடங்கள் ஆகப்போகின்றன என்பதால் அது நியாயமான எதிர்பார்ப்புத்தான். ஆனால் எமது விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு வரலாறு இதுவரை எந்த மலரிலும் எழுதப்படவில்லை. அது விளக்கணைத்த பின் போர்வைக்குள் கேட்ட தூரத்து வானொலிகளின் வரலாறு.

முதலில் எமது ஊரின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண்டி நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் உடவத்தைக் காடு, சுற்றிலும் மலைகள். ஆகாய வழியில் கொழும்பு நூறு கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் பகலில் சிறிய டிரான்சிஸ்டரில் கொழும்பு மத்திய அலை சில இடங்களில் இரைச்சலோடுதான் கேட்கும். இரவு ஏழு மணிக்குப் பிறகு அதே பெட்டியில் திருச்சி, திருநெல்வேலி, சென்னை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். திருச்சி இங்கிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர். சென்னை 640 கிலோமீற்றருக்கு மேல்.

இதற்கான காரணத்தை நான் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில்தான் விளங்கிக்கொண்டேன். பகலில் சூரிய ஒளி வளிமண்டலத்தின் மேற்பகுதியில், சுமார் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், மின்னேற்றம் பெற்ற ஒரு படையை உண்டாக்குகிறது. மத்திய அலைகள் மேலெழும்போது அந்தப் படை அவற்றை உறிஞ்சிவிடும். எனவே பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும் அலை மட்டுமே எமக்குக் கிடைக்கிறது, அதையும் மலைகள் பலவீனப்படுத்துகின்றன. சூரியன் மறைந்ததும் அந்தக் கீழ்ப்படை கலைந்துவிட, அலைகள் அதற்கும் மேலேயுள்ள படைகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் மேலிருந்து கீழே இறங்குகின்றன. மேலிருந்து வருவதை மலை மறைக்காது. இப்படியொரு படை வானில் இருக்கவேண்டும் என்று கெனலியும் ஹெவிசைட்டும் 1902 இல் தனித்தனியே சொன்னார்கள். எட்வர்ட் ஆப்பிள்டன் 1924 இல் பரிசோதனை மூலம் அதை நிரூபித்து, 1947 இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரே நிலையத்தின் அலை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும்போது அவை சில கணம் ஒன்றையொன்று கூட்டும், சில கணம் அழிக்கும். அதனால்தான் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிணற்றுக்குள் இறங்கியதுபோல மங்கி, மீண்டும் ஏறிவரும். அந்தியில் படைகள் மாறும் நேரத்தில் இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். இதை வாசகிகள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

கண்டிக்கும் தூரத்து வானொலிக்கும் உள்ள உறவு எமக்கு முன்பே தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 ஏப்ரலில், மௌண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம்மாறியது. பேராதனைப் பூங்காவில் அதன் அலுவலகங்கள் இயங்கின. பர்மா முதலிய களங்களில் இருந்த படையினருக்காகக் கொழும்பிலிருந்து சியாக் வானொலி ஒலிபரப்பியது. அதற்கென ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பி, யுத்தம் முடிந்த பிறகு இலங்கை அரசாங்கத்திடம் வந்துசேர்ந்தது. போருக்காகக் கட்டப்பட்ட அந்தக் கருவிதான் பின்னர் சினிமாப் பாடல்களை ஆசியா முழுவதற்கும் கொண்டுபோனது. 1950 செப்டெம்பர் 30 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கைப் பக்கம் காதைத் திருப்பின. 1957 ஒக்டோபரில் விவித் பாரதி தொடங்கும்வரை அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தொடங்கிய பிறகும் பழக்கம் விடவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்களை இன்றும் தமிழ்நாட்டில் வயதானவர்கள் சொந்தக்காரரைப்போலச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

குரல்கள் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. 1939 மே 16 இல் தொடங்கிய திருச்சி நிலையம் பாக்கு நீரிணையைத் தாண்டி எமது தோட்டங்களுக்கும் வந்தது. எங்கள் வீடு தெல்தோட்டைப் பக்கம், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைக்கு அதிக தூரமில்லாத ஒரு தோட்டத்தில் இருந்தது. அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. என் சிறுவயதில் லயத்துக்கு மின்சாரம் இல்லை. நான்கு பெரிய பற்றரி போடும் ஒரு நஷனல் ரேடியோ இருந்தது. பற்றரி பலவீனமானால் அப்பா அவற்றை வெயிலில் காயவைப்பார்.

அந்தப் பெட்டி இருந்த பலகையில் பென்சிலால் மூன்று கோடுகள் போட்டிருந்தன. ஒன்று கொழும்பு, ஒன்று திருச்சி, ஒன்று நெல்லை. பெட்டிக்குள் இருக்கும் காந்தக் கோல் நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக நின்றால்தான் ஒலி தெளிவாக வரும், அதன் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி தேய்ந்துவிடும். அப்பாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துக் கோடு போட்டிருந்தார். 936 இல் திருச்சியும் 1197 இல் நெல்லையும் வரும் என்பது எனக்கு வாய்ப்பாட்டைப்போல மனப்பாடம்.

எங்கள் வீட்டில் திருச்சி கேட்டது பாட்டுக்காக மட்டும் அல்ல. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 975,000 மலையக மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கப்படும் என்று தீர்மானித்தது. மிகுதி 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, தலைமன்னார் வரை ரயிலில் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். வழியனுப்ப வந்தவர்கள் மார்பில் அடித்து அழுததால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று ஆனது. அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் 1973 இல் அந்தக் கோச்சியில் போனார். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. 1984 இல் கப்பலும் நின்றுபோனது. கடிதம் மட்டும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வந்தது.

அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் இரவில் திருச்சி நிலையம் வானிலை சொல்லும்போது பேச்சை நிறுத்திவிடுவார். நீலகிரியில் மழை என்று சொன்னால், "அங்க மழையாம், கொழுந்து நல்லா வரும்" என்பார். மகளுக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்கும் என்பது அதன் பொருள். நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயர்களை வாசிக்கும்போதும் அப்படித்தான். அத்தை ஒரு நாளும் கடிதம் போட்டுப் பாட்டுக் கேட்டவர் அல்லர் என்பது அப்பாயிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் ஆறாம் ஆண்டில் விடுதிக்கு வந்தேன். இங்கே வானொலி வைத்திருக்க அனுமதி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பெட்டி இருந்தது என்பதை இப்போது எழுதினால் யாரும் தண்டிக்கமாட்டார்கள். எங்களுடையது மாத்தளையிலிருந்து வந்த ஓர் அக்காவுடையது. உள்ளங்கையளவுதான் இருக்கும், காதில் வைக்க ஒரு கம்பி. இருவர் இருவராக முறை வைத்துக் கேட்டோம். மத்திய அலையில் தமிழ்நாடு, சிற்றலையில் மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ்ப்பணி, எல்லாவற்றுக்கும் மேலாக இரவு 9.15 க்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. 1941 மே மாதம் தொடங்கிய அந்தச் சேவைக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். இதை எங்கள் தமிழ் ஆசிரியை சொல்லித் தந்தார். எங்களுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பிறகு, வடக்கிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பிள்ளைகளின் வீட்டாரிடமிருந்து வாரக்கணக்காகச் செய்தி இல்லை. அந்த நாட்களில் முறை வைப்பதை நிறுத்திவிட்டோம். காதுக்கம்பி அவர்களுடையதாக இருந்தது. ஒருத்தி கேட்டு முடித்ததும் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பாள். ஊரின் பெயர் சொன்னார்கள் என்றால் ஓர் அசைவு, சொல்லவில்லை என்றால் வேறோர் அசைவு.

1996 ஆம் ஆண்டை எல்லோரும் மறந்திருக்கமாட்டோம். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் மணிக்கணக்கில் மின்வெட்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்த மே 25 ஆம் திகதி நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தினார்கள். ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே வைத்தார்கள். 2006 ஏப்ரல் வரை அந்த அரை மணித்தியாலம் எம்மோடு இருந்தது. லண்டனுக்கு எமது கடிகாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. 9.15 க்கு வந்த தமிழோசை முதலில் 10.15 ஆகி, பின்னர் 9.45 ஆனது. பத்தே கால் வரை கண் விழித்திருக்க முடியாமல் சின்னப் பிள்ளைகள் எங்களிடம், "நாளைக்குச் சொல்லுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். மின்வெட்டினால் ஒரு நன்மையும் இருந்தது. நகரத்தின் குழல் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட, வானொலியின் இரைச்சலும் அடங்கிவிடும். கண்டி இருண்டிருந்த அந்த இரவுகளில் கேட்டதுபோலத் திருச்சியை நான் பிறகு ஒருபோதும் தெளிவாகக் கேட்டதில்லை.

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி கழிந்து சற்று நேரத்தில் தலதா மாளிகை முன்றலில் குண்டு நிரப்பிய லொறி வெடித்தது. சத்தம் கேட்டு எழுந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் கட்டில்களின் மேல் கிடந்தன. பத்து நாட்களில் சுதந்திரப் பொன்விழா கண்டியில் நடக்கவிருந்தது, பின்னர் அது கொழும்புக்கு மாற்றப்பட்டது. அன்று முழுவதும் வெளிவாயில் பூட்டியிருந்தது. தொலைபேசி கிடைக்கவில்லை. எமக்கு என்ன நடக்கும், வீட்டில் என்ன நினைப்பார்கள், நாளை வகுப்பில் சிங்களத் தோழிகள் எங்களோடு பேசுவார்களா என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம். வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

இரவு ஒன்பதரை மணிக்கு மேற்றன் எங்கள் தொகுதிக்கு வந்தார். ரோச் வெளிச்சத்தை அக்காவின் கட்டிலில் அடித்து, "அந்த ரேடியோவை எடு" என்றார். பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து, "கம்பியைக் கழற்று, எல்லோருக்கும் கேட்கட்டும்" என்றார். சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பக்கத்துத் தொகுதியிலிருந்து போர்வையோடு வந்து தரையில் அமர்ந்தார்கள். தமிழ் விளங்காதவர்களுக்கு ஒருத்தி மெல்லிய குரலில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடத்தின் செய்தியை நாம் லண்டனிலிருந்து கேட்டோம். முடிந்ததும் மேற்றன் ரேடியோவை அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வகுப்புகள் நடக்கவில்லை. நடந்த முதல் நாளில் பேசுவார்களா என்று நான் பயந்த தோழிதான் தன் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

இதேபோன்ற இன்னொரு தூரக் கணக்கு என் வீட்டிலும் உண்டு. 1999 நவம்பரில் அப்பாயி காலமானார். நான் உயர்தரம் முதலாம் வருடம், தவணைப் பரீட்சை நேரம். அட்டன், பதுளைப் பக்கச் சொந்தக்காரர்கள் அறியட்டும் என்று அப்பா ஆளனுப்பிப் பணம் கட்டி இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கொடுத்தார். கூடலூருக்குக் கடிதம் எழுதினார். என்னை அழைத்துப்போகச் சித்தப்பா அடுத்த நாள் காலை விடுதிக்கு வந்தார். அதுவரை எனக்குத் தெரியாது. முந்திய மாலை அந்த அறிவித்தல் போனபோது நான் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன்.

2012 இல், வைத்தியரான பிறகு, முதன்முறையாகக் கூடலூருக்குப் போனேன். அத்தைக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. அங்கேயும் லயம், அங்கேயும் மழை. அவர்களை அங்கே சிலோன்காரர் என்று சொல்கிறார்கள். சுவரோடு சேர்த்து ஒரு பழைய ரேடியோ இருந்தது. தினமும் அந்தியில் இலங்கை வானொலி வைப்பாராம்.

"நான் பாட்டுக் கேக்குறேன்னு இங்க எல்லாரும் நெனச்சாங்க பாப்பா. நான் அறிவித்தலுக்குத்தான் வைப்பேன். பேரத் தேடிக்கிட்டு இருந்தேன்."

அந்த நவம்பர் மாலையும் அவர் கேட்டிருக்கிறார். தோட்டத்தின் பெயர் தெளிவாக வந்தது. அதன் பிறகு ஒலி மங்கிப் போய்விட்டது. மீண்டும் ஏறி வந்தபோது நல்லடக்கம் நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் பெயர் அவர் காதில் விழவேயில்லை. அத்தை அன்றிரவே தலைக்குக் குளித்து, விளக்கு வைத்து, அன்றிலிருந்து நாளை எண்ணத் தொடங்கினார். அப்பாவின் கடிதம் கிடைத்தபோது பதினாறாம் நாள் கருமாதி முடிந்திருந்தது.

"அம்மாவா இல்லாம வேற ஆளா இருந்தா?" என்று கேட்டேன்.

"அந்தத் தோட்டத்து ஆளுதானே. யாரா இருந்தாலும் நமக்குத்தான் தலை முழுக" என்றார். சற்று நேரம் கழித்து, "கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா பாப்பா?" என்று கேட்டார். என் தொழிலில் இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லியும் பழக்கம். அன்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபத்தைந்து கிலோமீற்றரில் இருந்த எனக்குத் தெரியாத செய்தி, அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தவருக்கு அன்று மாலையே தெரிந்திருந்தது. நான் அப்பாயியின் பக்கத்தில் இருக்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தமிழோசை 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியோடு வானொலியில் நின்றுவிட்டது. பல நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. இருப்பவற்றைக் கேட்பதும் கடினம். எல்.ஈ.டி. விளக்குகளும் கைபேசிச் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் கண்டி இரவை நிரப்பியிருக்கிறது. எங்கள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ரொரொன்றோ, மெல்பேர்ண், லண்டன், சென்னை எல்லாம் ஒரே கணத்தில் பேசுகின்றன. முன்னையதே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அத்தையின் பேத்தி இன்று என்னோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். அப்பாயி அதைக் கண்டிருந்தால் திருச்சி வானிலையை ஒரு நாளும் கேட்டிருக்கமாட்டார்.

ஆயினும் எமது மாவட்டத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் ஒப்பந்தங்களையும் கப்பல்களையும் தொகைகளையும் எழுதுகிறார்கள். பிரிக்கப்பட்டவர்கள் பிறகு எப்படி ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள் என்பது அதில் இல்லை. அது இரவில் நடந்தது, காதால் நடந்தது, பதிவேடு எதிலும் இல்லை. எங்கள் தொகுதியில் தலையசைத்த பிள்ளைகள் இன்று எந்த நாட்டில் இருந்தாலும், இந்த மலர் அவர்கள் கைக்கும் வரும் என்று நம்புகிறேன். நீங்கள் கேட்டதை, எந்த நிலையத்தில் எந்த ஊரின் பெயருக்காகக் காத்திருந்தீர்கள் என்பதை, நான்கு வரியிலாவது எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். மாத்தளை அக்கா அந்தச் சிறிய ரேடியோவை இன்னும் வைத்திருக்கிறாராம். சங்கத்தின் அலுமாரியில் வைக்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மேற்றன் இன்று எம்மோடு இல்லை. இருந்திருந்தால் இந்த முறையும் அனுமதி தந்திருப்பார்.